அத்தையின் ஈறு

கண்ணாடி டம்ளரில் கிடந்த பல்செட் வெளுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. வாஷ்பேசினுக்கு மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக அந்த நேரத்தில் வருகிற வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல், கழுவித் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். வாய் கொப்பளிக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். டம்ளர் தண்ணீருக்குள் மாமியாரின் மேல்வரிசைப் பல்செட் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. பற்கள் அப்படியேதான் இருந்தன. பற்களைப் பிடித்திருக்கும் ஈறுதான், அவளே பொடியும் திரவமும் கலந்து குழைத்து, அச்சில் அழுத்தி, வேகவைத்து, தேய்த்து மெருகேற்றிய அந்த அக்ரிலிக் ஈறுதான், அவள் செய்த நிறத்தில் இல்லை.

வேறு யாருக்கும் இது தெரிந்திருக்காது. ரோஸ் என்றால் ரோஸ்தானே என்பார்கள். ஆனால் பதினொரு வருடமாகப் பல் லேபில் ஈறுக்கு நிறம் சேர்ப்பதையே வேலையாகச் செய்கிறவளுக்கு, ரோஸில் ஏழு வீடு உண்டு, ஏழுக்கும் தனித்தனி வாசல் உண்டு. அவளை லேபில் கூப்பிடுவதே 'ரோஸ்' என்றுதான். கைப்பையில் ஏழு நிற மாதிரிகளையும் ஒரு வளையத்தில் கோத்து, சாவிக்கொத்து போல வைத்திருப்பாள். போய் எடுத்து வந்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். அவள் செய்தது ஐந்தாம் நம்பர். தண்ணீரில் கிடப்பது மூன்று.

அக்ரிலிக் டீயில் பழுப்பேறும். கொதிக்கிற வெந்நீரில் போட்டால் சுண்ணாம்பு அடித்தாற்போல் திட்டுத்திட்டாக வெளுக்கும். இது திட்டு இல்லை. நோயிலிருந்து எழுந்தவரின் உதடு போல, ஒரே சீராக, மென்மையாக, வெளுத்திருந்தது.

"என் பல்லை வச்சிக்கிட்டு அங்க என்ன ஆராய்ச்சி?" என்று கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. மேல்பல் இல்லாத வாயில் 'ச' எல்லாம் காற்றாகப் போயிற்று.

"ஒண்ணுமில்ல அத்தை. வெந்நீர்ல போட்டீங்களா?"

"போடாதே போடாதேன்னு கிளிப்பிள்ளை மாதிரி நீதானே நாளைக்கு நாலு தடவை சொல்றே. போடுவேனா?"

டம்ளரை இருந்த இடத்தில் வைத்தாள். கண்ணாடியில் தன் மேலுதட்டைத் தூக்கி, தொழில் பழக்கத்தில், தன் ஈறையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். மாதவிலக்கின் மூன்றாம் நாள். அந்த நாளில் எப்போதும் போல அமைதியாக, வெளிறி, மூன்றாம் நம்பரில் இருந்தது.

அன்றைக்கு அவள் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

*

பெண்களின் ஈறு மாதம் முழுவதும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. இது லேபில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வெளியில் யாருக்கும் தெரியாத விஷயம். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் உடம்பில் ஊறுகிற சுரப்பு ஈறுக்கும் போகும், ரத்தக்குழாய்கள் விரியும், ஈறு சிவந்து, லேசாக உப்பி, பிரஷ் பட்டாலே கசியும். தேதி வந்ததும் வடிந்துவிடும். அதனால் நிறம் பார்ப்பதென்றால் வடிந்தபிறகுதான் பார்க்க வேண்டும். லேபுக்கு வரும் சீட்டில் இதற்கென்றே ஒரு கட்டம் போட்டு, 'கடைசித் தேதி' என்று எழுதியிருந்தார்கள். பெண்கள் வந்தால் மருத்துவர் கேட்டு எழுத வேண்டும். மருத்துவர் எழுதியதே இல்லை.

"வாய்க்குள்ள முழங்கை வரைக்கும் விடுவாரு. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேக்க மட்டும் வெக்கமா இருக்குமாம்" என்பாள் பக்கத்து மேசைக்காரி. பீங்கான் பற்கள் செய்கிறவள். அவளைக் கூப்பிடுவதும் 'பீங்கான்' என்றுதான்.

வடிந்தபிறகே நிறம் பார்க்க வேண்டும் என்ற அந்தச் சட்டத்தை ரோஸ் ஒரே ஒரு தடவை மீறினாள். மாமியாரின் செட்டுக்கு.

மாமியாருக்கு வயது அறுபத்து நான்கு. அந்த வயதின் ஈறுக்கு இரண்டாம் நம்பர் போதும். நிற மாதிரியைக் காட்டியபோது மாமியார் முகத்தைச் சுளித்தாள்.

"இதென்ன, வெந்த கிழங்கு மாதிரி? உன்னுது மாதிரி வேணும் எனக்கு. ரத்தம் ஓடற மாதிரி."

"உங்க வயசுக்கு அது ஒட்டாது அத்தை."

"ஏன், எனக்கு என்ன வயசாயிடுச்சு? உன் ஈறைப் பார்த்துச் செய்டி. அப்படியே உன்னுது மாதிரியே செய்."

இதைச் சொல்வதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான், குளியலறை அலமாரியில் நாப்கின் பாக்கெட் இன்னும் பிரிக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இருபத்தேழாம் நாள்தானே உனக்கு?" என்று மகனுக்கு முன்னாலேயே கேட்டிருந்தாள் மாமியார். அந்தக் கோபம் ரோஸின் உச்சந்தலையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. எப்படியோ போய்த் தொலை என்று, கண்ணாடி முன் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் ஈறுக்குப் பக்கத்தில் மாதிரியைப் பிடித்தாள். இருபத்தேழாம் நாளின் சிவப்பு. கோபத்தின் சிவப்பும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஐந்தாம் நம்பர்.

அந்த நிறத்தில்தான் செய்து கொடுத்தாள். செட் வாயில் ஏறியதும் மாமியார் நாக்கால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் அரைமணி நேரம் சிரித்தாள்.

*

இந்த வீட்டில் அவளுடைய மாதம் அவளுடையதாக இருந்ததே இல்லை.

மாமியார் இருபத்தெட்டு வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள். நாப்கினைக் கையில் கொடுத்து, நோட்டில் தேதி போட்டு, யாருக்கு எப்போது, யாருக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்று நூற்றிருபது பெண்களின் நாளையும் விரல்நுனியில் வைத்திருந்தவள். ஓய்வு பெற்றபின் நூற்றிருபது பேர் ஒரே ஒருத்தியாகச் சுருங்கினார்கள். கவனிப்பு மட்டும் சுருங்கவில்லை.

கல்யாணமான மூன்றாம் வருடம், நாள் தள்ளி ஐந்தே நாளில், ரோஸ் தன் கணவனிடம் சொல்வதற்கு முன்பே மாமியார் சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பத்தாம் வாரத்துக்கு மேல் அது தங்கவில்லை. வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரும் திரும்ப வந்து, ஒருவர் மிச்சமில்லாமல், துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து இரண்டாவது. அதே போன்கள், அதே ஆட்கள், அதே பத்தாம் வாரம்.

"லேப்ல அந்த நாத்தத்தை மோந்துக்கிட்டே கெடந்தா எப்படித் தங்கும்?" என்றாள் மாமியார், படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே. "ஒரு பொருளைப் பத்திரமா வச்சிக்கத் தெரியணும்மா."

கணவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மா மனசுல பட்டதைச் சொல்றாங்க. நீ ஏன் பெருசு பண்றே?"

பெருசு பண்றே. நல்ல மனிதன்தான், பாத்திரம் கழுவுவான், தலைவலி என்றால் தைலம் தேய்த்து விடுவான். ஆனால் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்கச் சொன்னால் அவனுக்கு முதுகெலும்பு சுவரில் மாட்டிய சட்டைபோல் ஆகிவிடும். அன்றைக்கு ரோஸ் மென்று விழுங்கிய பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறது.

*

செட் வெளுத்த அந்த ஞாயிறுக்குப் பிறகு மூன்றரை வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது மாமியார் மெல்லுவதை நிறுத்தினாள்.

"செட் இறுக்குது" என்றாள்.

"எங்க இறுக்குது அத்தை?"

"எல்லா இடத்துலயும். உப்பிக்கிட்ட மாதிரி இருக்கு." கன்னத்தை வெளியிலிருந்து தடவிக்கொடுத்தாள். பிறகு மருமகளைப் பார்த்துக் கண்களைச் சுருக்கி, மெதுவாகச் சிரித்தாள். "உனக்கு நாளைக்கு வந்துடும் பாரு."

கணவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மறுநாள் காலை வந்துவிட்டது. அன்று மாலை, "இப்ப சரியாப் போச்சு, தளர்ந்துடுச்சு" என்றாள் மாமியார், யாரும் கேட்காமலேயே.

அடுத்த மாதமும் இறுக்கியது. அடுத்த மாதமும் சொன்னாள், சொன்னபடியே வந்தது. பாக்கெட்டைப் பார்ப்பது, குளியலறை வாசலில் நிற்பது எல்லாம் நின்றுபோயிற்று. அதற்குத் தேவை இருக்கவில்லை. மருமகளின் நாள் இப்போது அவள் வாய்க்குள்ளேயே இருந்தது.

அந்த மாதம்தான் ரோஸ் செட்டை வாங்கி, டப்பாவில் போட்டு, லேபுக்கு எடுத்துப் போனாள். "கொஞ்சம் தேய்ச்சுத் தரேன் அத்தை, இறுக்காது" என்று சொல்லித்தான் வாங்கினாள்.

பதினோரு மணிக்கு லேபின் வடக்கு ஜன்னல் வெளிச்சம் பொய் சொல்லாது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் செட்டை வைத்தாள். ஆறாம் நம்பர். ஆறுக்கும் கொஞ்சம் மேலே. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கூர்மையாக அவள் செதுக்கியிருந்த முனைகள் மழுங்கி, பொதபொதவென்று இருந்தன. மெருகு இருந்த இடத்தில் ஈரம். டப்பாவுக்குள் ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்த பொருளில் ஈரம்.

கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள்.

அழுத்திய இடம் வெளுத்தது. விரலை எடுத்தாள். வெளுப்பு ஒரு நொடி நின்றது; பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெதுவாக, நிறம் திரும்பி வந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. என் கையால் செய்தது. என் நிறம். நான் தேய்ப்பேன். மோட்டாரைப் போட்டு, தேய்க்கும் முனையைச் செட்டின் பின் ஓரத்தில் வைத்தாள். அக்ரிலிக் தேய்ந்தால் வெள்ளைத் தூள் பறக்கும், மூக்கைக் குத்துகிற ஒரு இனிப்பு வாசனை வரும். தூள் பறக்கவில்லை. இரும்பு வாசனை வந்தது. வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"என்னடி அது, சாயம் விடுது?" பீங்கான் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. துணியையும் செட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டாள். "தூக்கிப் போடு அதை. நான் இன்னிக்கே வேற ஒண்ணு செஞ்சு தரேன். உன் மாமியார்கிட்டக் காசும் வேண்டாம், டாக்டர் கையெழுத்தும் வேண்டாம்."

செய்தும் கொடுத்தாள். இரண்டாம் நம்பர், வயதுக்கேற்ற நிறம், அழகான வேலை. மாமியார் அதை ஒரு தடவை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது பொணம் மாதிரி இருக்கு. என்னுதைக் குடு."

"அது கெட்டுப்போச்சு அத்தை."

"யாரு சொன்னா?" கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். "குடும்மா. அது நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

கணவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "குடுத்துடேன்" என்றான்.

*

அதற்கடுத்த மாதம் தேதி வரவில்லை.

நாற்பதாம் நாள், லேபின் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுச் சோதித்துப் பார்த்தாள். இரண்டு கோடு. குச்சியைக் காகிதத்தில் சுற்றி, அதை இன்னொரு காகிதத்தில் சுற்றி, பைக்குள் அடியில் போட்டு, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். சுவரில் சாய்ந்து நின்று தனக்கே சொல்லிக்கொண்டாள்: பன்னிரண்டு வாரம். அதுவரை யாருக்கும் சொல்வதில்லை. வீட்டுக்காரருக்கும் இல்லை. போனும் இல்லை, வாழ்த்தும் இல்லை, நெற்றியைத் தடவுகிற கையும் இல்லை. இந்த ஒன்றையாவது நான் மட்டும் வைத்துக்கொள்வேன்.

வீட்டில் நாப்கின் பாக்கெட்டைப் பிரித்து, தினமும் கணக்காக எடுத்து, தாளில் மடித்து எறிந்தாள். தனக்கு வந்துவிட்டது போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சொந்த வீட்டில் திருடி போல. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் பல் நறநறத்தது.

மாமியார் எதுவும் கேட்கவில்லை.

அதுதான் அவளை உலுக்கியது. ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்த வாய் மூடிக்கொண்டது. செட் இறுக்குகிறது என்றும் சொல்லவில்லை, தளர்ந்தது என்றும் சொல்லவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, உதடுகளை மூடி, உள்ளே எதையோ நாக்கால் நீவிக் கொடுப்பது போலக் கன்னம் மெதுவாக அசைய, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாஷ்பேசின் மேலிருந்த டம்ளர் காலியாக இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அடியில் தூசு படிந்தது.

"அத்தை, செட்டைக் கழட்டி வைக்கலியா? வாய்ப்புண் வந்துடும்."

மாமியார் தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம்.

ஆறாம் வாரம் ரோஸ் காலையில் எழுந்து, குமட்டலுக்காகக் காத்திருந்தாள். முதல் இரண்டு தடவையும் அந்த வாரம்தான் தொடங்கியது. வரவில்லை. வயிறு காலி வீடு போல நிம்மதியாக இருந்தது. படுக்கையறை ஜன்னல் வெளிச்சத்தில், கைக்கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். கர்ப்பத்தில் ஈறு சிவக்க வேண்டும். மாதாமாதம் வருகிற சிவப்பையெல்லாம் விடப் பெரிய சிவப்பு, வந்து வடியாமல் நிற்கிற சிவப்பு. அவளுடையது இரண்டாம் நம்பரில் இருந்தது. மறுநாள் ஒன்றில். அதற்கு மறுநாள் வளையத்தில் அதற்கு மாதிரியே இல்லை. உருக்கி ஆறவைத்த மெழுகு போல இருந்தது.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

கணவன் அவளுக்குப் பின்னால், படுக்கையில், தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் இருப்பது மூன்று பேர்.

கதவு திறந்தது. மாமியார் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அறுபத்து நான்கு வயது முகத்தில், கன்ன எலும்புக்கு மேலே, புதுப்பெண்ணின் செம்மை. மருமகளைக் கடந்து போகும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை வயிற்றுக்குப் போகவில்லை. தாடைக்குப் போனது. தாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டது.

*

ஏழாம் வாரம், மதியம் ஒரு மணிக்கு, லேபில் தலைவலி என்று சொல்லிவிட்டு ரோஸ் ஸ்கேன் எடுக்கப் போனாள். மருத்துவர் ஒரு பெண். குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை வைத்து, திரையைப் பார்த்தார். கருவியைச் சாய்த்துப் பார்த்தார். ஒலியைக் கூட்டினார். அறை முழுக்க ஒரே இரைச்சல், மழை நின்ற தெருவில் தூரத்து வண்டி போகிற மாதிரி. வேறொன்றும் இல்லை.

"கடைசித் தேதி உங்களுக்குச் சரியாத் தெரியுமாம்மா?"

"தெரியும். ஊருக்கே தெரியும்" என்றாள். குரல் கிறீச்சிட்டது.

மருத்துவர் அவள் முகத்தைப் பார்த்தார். "இங்க ஒண்ணுமே இல்லையே."

"கலைஞ்சு போச்சா?"

"கலைஞ்சா அடையாளம் இருக்கும். இது..." அவர் கருவியைத் துடைத்து வைத்தார். "இருந்ததுக்கே அடையாளம் இல்லை. நாளைக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க. மனசைத் தளர விடாதீங்க."

பஸ்ஸில் அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை விரல்கள் வெளுத்தன; வெளுத்தபடியே இருந்தன. மூன்றாவது. யாருக்கும் சொல்லாமல், யார் கண்ணும் படாமல், மூடி மூடி வைத்த மூன்றாவது. கலையவில்லையாம். இல்லையாம். அப்படியானால் எங்கே போயிற்று? ஒரு பொருள் இருந்த இடத்தில் இல்லையென்றால், யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? நினைப்பு அங்கே வந்து நின்றதும், நான்கு வருடமாகத் தொண்டையில் நின்ற அந்தப் பதில் அசைந்தது.

இரண்டரை மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தாள்.

சத்தம் கேட்டது.

கடிகாரம் இல்லை. குழாய் இல்லை. பிரிட்ஜ் இல்லை. ஈரமான, சின்ன, வேகமான சத்தம். தொலைவில் ஒரு குதிரை, யாரும் ஏறாத குதிரை, நிற்காமல் ஓடுகிற மாதிரி. நிமிடத்துக்கு நூற்றைம்பது இருக்கும். அந்த வேகம் அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இன்றைக்குக் கேட்கத்தான் போனாள்.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே நடந்தாள்.

கூடத்தில் நல்ல வெளிச்சம். நாற்காலியில் மாமியார். கண் மூடியிருந்தது. உதடுகள் மூடியிருந்தன, மூட முடியாமல் மூடியிருந்தன. கன்னங்கள் இரண்டும் உள்ளிருந்து தள்ளப்பட்டு, தோல் விறைத்து, பளபளத்தன. சத்தம் அங்கிருந்துதான்.

"அத்தை."

கண் திறந்தது.

"வாயைத் திறங்க."

மாமியார் விரலை உதட்டின்மேல் வைத்தாள். பிறகு, உதடு பிரியாமலே, அடித்தொண்டையிலிருந்து, குழைவாக, அன்பாக, "மெதுவா" என்றாள். "தூங்குது."

"திறங்கன்னு சொன்னேன்!"

தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. சுவர்கள் அதிர்ந்தன. இந்த வீட்டில் அவள் குரல் அந்த உயரத்துக்கு ஏறியதில்லை. மாமியார் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. காட்ட ஆசைப்படுகிறவள் போல, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு, மெல்ல வாயைத் திறந்தாள்.

செட் என்று ஒன்று இல்லை. ஓரம் இல்லை. மேலண்ணம் எது, அவள் செய்தது எது என்று பிரிக்கிற கோடு இல்லை. எல்லாம் ஈறு. ஏழாம் நம்பருக்கு அப்பால், கருஞ்சிவப்பாக, வழவழவென்று, பற்களைப் பாதி விழுங்கி வளர்ந்திருந்தது. அண்ணத்தின் நடுவிலிருந்து ஒரு காம்பு. காம்பில் ஒரு திராட்சை அளவு. மெல்லிய தோல். தோலுக்குள் ஒரு சுருண்ட நிழல்.

துடித்தது.

"உன்கிட்ட ரெண்டு தடவை குடுத்துப் பார்த்தாச்சு" என்றாள் மாமியார். நாக்கு அதன்மேல் படாமல் ஒதுங்கி ஒதுங்கிப் பேசியது. "பரவால்ல. நீ வேலைக்குப் போ. இது என்கிட்ட பத்திரமா இருக்கும்."

அவள் பாய்ந்தாள்.

செட் கழற்றுகிற விதம் அவளுக்குத் தெரியும். நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு விரலைப் பின் ஓரத்தில் கொக்கி போட்டு, காற்றை உள்ளே விட்டு, கீழே இழுக்க வேண்டும். ஒரே இழுப்பு. விரல்களை உள்ளே விட்டாள். சூடு. ஓரத்தைத் தேடினாள். ஓரம் இல்லை. கோபத்தில் இன்னும் உள்ளே. விரல்நுனி காம்பில் பட்டது.

அது விலகவில்லை. அவள் விரலை நோக்கி நகர்ந்தது. வந்து, விரல்நுனியில் சாய்ந்துகொண்டது.

கை நின்றது.

இழுத்தால் வந்துவிடும். காம்பு மெல்லியது, நகம் போதும். வந்தால் இருக்காது. பறித்தது எதுவும் இருக்காது. விட்டால் இருக்கும். இங்கே. இந்த வாயில். இந்த வாய் இதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பேசும்.

இழு. உடம்பு முழுக்கச் சொன்னது. இழு.

கை அசையவில்லை.

மாமியார் மெல்ல வாயை மூடினாள். கீழே அவளுடைய சொந்தப் பற்கள். மேலே, மெழுகில் ஒவ்வொன்றாக நட்டு, சாய்வு பார்த்து, ரோஸ் தன் கையால் நிறுத்திய பற்கள். இரண்டு வரிசையும் அவள் விரல்களின்மேல் படிந்தன. வலிக்கவில்லை. வலிக்காத அளவுக்கு, விடாத அளவுக்கு.

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஜன்னல் வெளிச்சம் இருவர் முகத்திலும் சமமாக விழுந்தது. விரல்நுனியில் சின்னச் சின்னதாக, வேக வேகமாக, அது துடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் அவள் கண்களைப் பார்த்தாள்.

விரல்களைச் சுற்றி, உதடுகள் சிரிப்பில் விரிந்தன.